வலது பக்கக் கீழ் மூலை

மற்ற புகார்களில் நமக்கு ஒரு வசதி உண்டு. பிரின்டர் வேலை செய்யவில்லை, ஃபைல் திறக்கவில்லை என்று யாராவது கூப்பிட்டால் இங்கிருந்தே அவர்களுடைய லேப்டாப்புக்குள் நுழைந்து, அவர்கள் திரையை நம் திரையில் பார்த்தபடி சரிசெய்துவிடலாம். அவர்கள் சொல்வதைப் பாதி கேட்டால் போதும். வைஃபை போய்விட்டது என்று வரும் அழைப்பில் மட்டும் அது முடியாது. இணைப்பே இல்லாத லேப்டாப்புக்குள் எப்படிப் போவது? அவர் பார்த்துச் சொல்வார், நாம் கேட்டுக்கொள்வோம். நம் கையில் இருப்பது அவருடைய குரல் ஒன்றுதான்.

இந்த ஹெல்ப் டெஸ்க்கில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். போன மாதம் ஓய்வு பெற்றேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி டீம் லீடர் கேட்டார். எந்த பட்டனை அழுத்துவது, எந்த மென்பொருளை மறுபடி ஏற்றுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் அதை விட்டுவிடுகிறேன். நான் செய்த இரண்டு தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது சின்னது. வீட்டிலிருந்து வேலை ஆரம்பித்த புதிது. அடையாறிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். வைஃபை இணைகிறது, உடனே அறுந்துபோகிறது என்றாள். குரலில் அவசரம் தெரிந்தது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் ஏன் என்று கேட்கவில்லை. லேப்டாப்பில் சேமித்திருந்த நெட்வொர்க்கை நீக்கச் சொன்னேன். பாஸ்வேர்டை மறுபடி போடச் சொன்னேன். மோடத்தை அணைத்துப் போடச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. லேப்டாப்பையே அணைத்து ஏற்றச் சொன்னேன். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. கடைசியில் அவளே கேட்டாள்.

“மேடம், என் ஃபோன்ல நெட் நல்லா இருக்கு. அதுலேருந்து லேப்டாப்புக்கு எடுத்துக்க முடியாதா?”

“முடியும்மா. ஹாட்ஸ்பாட் போட்டா எடுத்துக்கலாம்.”

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம். பதினோரு மணிக்கு எனக்கு கிளையன்ட் மீட்டிங். இப்போ பதினொண்ணேகால்.”

ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது. அவள் குழுவில் அன்றைக்கு அவள்தான் பேச வேண்டியிருந்ததாம். வேறு யாரோ பேசினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கோளாறைக் கண்டுபிடிக்கும் ஆசை நமக்கு. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு மணி நேரம். அன்றிலிருந்து அழைப்பை எடுத்ததும் என் முதல் கேள்வி, “இப்போ எத்தன மணிக்கு உங்களுக்கு என்ன வேலை இருக்கு?” என்பதுதான். நீங்களும் அப்படிக் கேளுங்கள். முதலில் அவர்களை வேலையில் உட்கார வையுங்கள். கோளாறு எங்கும் போய்விடாது.

இரண்டாவதைச் சொல்லக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

யூசுப் சார் என்று ஒருவர் நம் நிறுவனத்தில் இருந்தார். வெளிநாட்டுப் பாடநூல்கள் அச்சுக்குப் போகுமுன் பக்கங்களை வரிவரியாகப் படித்துப் பிழை திருத்தும் பிரிவில் மூத்தவர். அவர் பார்த்துவிட்ட பக்கத்தை இன்னொருவர் பார்க்க வேண்டியதில்லை என்று அந்தப் பிரிவில் சொல்வார்கள். வீடு மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில். பாட்டனார் காலத்திலிருந்து அதே வீடு. தி.நகரில் இருக்கும் நம் அலுவலகத்துக்கு மாதம் ஒருமுறை வருவார். மற்றபடி வேலை வீட்டிலிருந்துதான்.

ஒரு வருடம் எல்லோருக்கும் புது லேப்டாப் கொடுத்தோம். பழையதைவிட அகலமான திரை. பழையதில் வைஃபையைப் போடவும் அணைக்கவும் பக்கவாட்டில் ஒரு தள்ளு சுவிட்ச் இருந்தது. புதியதில் அது கிடையாது. மேல் வரிசையில் ஒரு பட்டன்மேல் சின்னதாக விமானம் வரைந்திருக்கும். அதைத் தொட்டால் வைஃபை அணையும், மறுபடி தொட்டால் வரும். தெரியாமல் விரல் பட்டு அணைத்துவிட்டு நம்மைக் கூப்பிடுகிறவர்கள் தினம் இரண்டு பேராவது இருந்தார்கள். அரை நிமிடத்தில் முடிகிற அழைப்பு அது.

டிசம்பர் மாதம் ஒரு மாலையில் யூசுப் சார் கூப்பிட்டார்.

“மேடம், நெட் போயிடுச்சு.”

“சரி சார். ஸ்க்ரீன்ல வலது பக்கம் கீழ் மூலைல பாருங்க. வைஃபை படம் இருக்கா, விமானம் படம் இருக்கா?”



“அங்க ஒண்ணும் இல்ல மேடம்.”

“ஒண்ணும் இல்லாம இருக்காது சார். மணி காட்டும் பாருங்க, அதுக்குப் பக்கத்துல.”

“மணியும் இல்ல.”

கீழ்ப் பட்டை மறைந்திருக்குமோ என்று அதற்கான வழியெல்லாம் சொன்னேன். பத்து நிமிடத்துக்குப் பிறகு பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. அவர் மனைவி பர்வீன்.

“இன்னாங்க, அதோ கீதே. ஓரமா, ப்ளேன் மாதிரி.”

விமானப் படம் இருந்தது என்றால் விமான பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறது. எந்த பட்டன் என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். அழுத்தினார், வைஃபை வந்தது. ஒவ்வொரு அழைப்புக்கும் நாம் போடும் டிக்கெட்டில் கடைசியாகக் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது அல்லவா, அதில் இப்படி எழுதினேன்: ‘பயனர் கவனக்குறைவாக விமான பட்டனை அழுத்தியிருக்கிறார். திரையைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. சொல்வதைப் பின்பற்றுவதில்லை.’

நான்கு நாள் கழித்து மறுபடி அதே அழைப்பு, அதே பதில்கள். அடுத்த வாரம் மூன்றாவது. இரண்டு நாளில் நான்காவது. அந்த நான்காவது தடவை வரிசையில் ஆறு பேர் காத்திருந்தார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“சார், நீங்க பாக்காமயே சொல்றீங்க.”

“பாத்துதாம்மா சொல்றேன்,” என்றார்.

மூன்றாவது, நான்காவது டிக்கெட்டுகளில் நான் காரணத்தைத் தட்டச்சுகூடச் செய்யவில்லை. முதலாவதை நகலெடுத்து ஒட்டினேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மூன்று மணி வாக்கில் அவருடைய பிரிவின் மேனேஜர் கையில் சில தாள்களோடு என் மேசைக்கு வந்தார். நான்கு டிக்கெட்டுகளையும் அச்செடுத்து வைத்திருந்தார்.

“விஜயா மேடம், யூசுப் பத்தி நீங்க எழுதினது கரெக்ட்டா இருக்கு. எங்களுக்கும் அதே தொல்லைதான். பக்கத்துக்கு ஓரத்துல ஆத்தர் எழுதற குறிப்ப எல்லாம் அப்படியே விட்டுடறாரு. மூணு புக்ல கம்ப்ளெய்ன்ட் வந்தாச்சு. புது சிஸ்டத்துக்கு மாற மாட்டேங்கறாரு. எச்.ஆருக்கு நான் எழுதியாகணும். உங்க சைடுலேருந்து ஒரு லெட்டர் குடுத்துடுங்க. டிக்கெட்ல இருக்கறத அப்படியே எழுதினா போதும். திங்கட்கிழமை காலைல வேணும்.”

அந்தக் கடிதத்தை வைத்து என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய மாதம் அப்படித்தான் வேறொருவரை ராஜினாமா செய்யச் சொன்னார்கள். ஆனாலும் நான் எழுத உட்கார்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொய் ஒன்றும் எழுதச் சொல்லவில்லையே, நானே எழுதியதைத்தானே கேட்கிறார் என்று நினைத்தேன்.

அப்போது நமக்கு இருந்த டீம் லீடர் என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். வேலை விஷயத்தில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் கற்றதுதான். என் தோளுக்குப் பின்னாலிருந்து கடிதத்தைப் படித்தார்.

“மேடம், இது மெஷினப் பத்தின லெட்டரா, ஆளப் பத்தின லெட்டரா?”

“ரெண்டும்தான்.”

“மெஷினப் பத்தி ஒண்ணுமே இல்லையே. ஒரே மனுஷன் ஒரே விஷயத்துக்கு நாலு தடவ கூப்பிட்டிருக்காரு. ஏன் நாலு தடவன்னு நீங்க பாத்தீங்களா?”

நான் பார்க்கவில்லை. அப்போதுதான் பார்த்தேன். யூசுப் சாரின் லேப்டாப் இணைப்பில் இருந்ததால் அதன் பதிவுகளை இங்கிருந்தே எடுக்க முடிந்தது. விமான பட்டன் அழுத்தப்பட்ட நேரங்கள் அதில் இருந்தன. நான்கு தடவையும் மாலை ஐந்தரைக்கும் ஆறேகாலுக்கும் இடையில். காலையில் ஒருமுறைகூட இல்லை. கவனக்குறைவு என்றால் அது காலையிலும் வரும். என்னிடம் இருந்த அதே மாடல் லேப்டாப்பில் அந்த பட்டனைப் பார்த்தேன். அதை ஒட்டினாற்போல் அடுத்த பட்டன், திரையின் வெளிச்சத்தைக் கூட்டுவது.

வெளிச்சத்தைக் கூட்டப் போகிறார், விரல் தவறுகிறது. அவ்வளவு மட்டும் புரிந்தது. அதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ‘மணியும் இல்ல’ என்று சொன்னது உறுத்தியது. வேலை முடிந்து போகிற வழியில் அவர் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டுப் போகிறேன் என்றேன். டீம் லீடர் சிரித்தார். என் வீடு கோட்டூர்புரத்தில். தி.நகரிலிருந்து கோட்டூர்புரம் போக யாரும் மயிலாப்பூரைச் சுற்றிக்கொண்டு போவதில்லை.

கச்சேரி ரோட்டில் மாடிப்படி ஏறியதும் முன்னறையிலேயே அவர் மேசை. ஜன்னல் பக்கம் வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. டியூப்லைட் போட்டிருந்தார், அது போதாதென்று மேசை விளக்கும். நர்ஸிங் மாணவிகளுக்கான பாடப்புத்தகம் ஒன்றின் பக்கங்கள் திரையில் இருந்தன. பர்வீன் டீ கொண்டுவந்து கொடுத்தார்.

“நீங்க உங்க வேலையப் பாருங்க சார். நான் சும்மா பக்கத்துல உக்காந்திருக்கேன்,” என்றேன்.

நேரில் போனால் நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன். நாம் கேட்டால் அவர்கள் நமக்காக மெதுவாகச் செய்து காட்டுவார்கள். அப்போது கோளாறு வராது. கால் மணி நேரம் பேசாமல் இருந்தேன். அவர் படிப்பதைப் பார்க்கவே நன்றாக இருந்தது. ஒரு வரியில் இரட்டித்து வந்த சொல்லை நான் இரண்டு தடவை படித்தும் கண்டுபிடிக்கவில்லை. அவர் ஒரே பார்வையில் பிடித்தார்.

ஐந்தே முக்காலுக்குக் கண்ணைச் சுருக்கினார். கை தானாக மேல் வரிசைக்குப் போனது. ஒரு பட்டனைத் தட்டினார், திரை பளிச்சென்று ஆனது. இன்னொரு தட்டு, கொஞ்சம் தள்ளி விழுந்தது. கீழ் மூலையில் விமானப் படம் வந்தது. அவர் படித்துக்கொண்டே இருந்தார்.

“சார், வலது பக்கம் கீழ் மூலைல என்ன இருக்கு?”

அவர் கண் வலது பக்கம் போனது. எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. போய், மூலைக்கு நாலு விரல் முன்னால் நின்றுவிட்டது. பழைய லேப்டாப்பின் திரை அந்த இடத்தோடு முடிந்துவிடும்.

“ஒண்ணும் இல்ல மேடம்.”

“இன்னும் கொஞ்சம் தலையத் திருப்புங்க. இன்னும்.”

முகத்தை முழுவதுமாகத் திருப்பினார். “அட,” என்றார். “இங்கதான் இருக்கு.” யாரோ அப்போதுதான் கொண்டுவந்து வைத்தது போலப் பார்த்தார். பிறகு டீயை எடுக்கக் கையை நீட்டினார். டம்ளர் வலது பக்கம் இருந்தது. புறங்கை பட்டு டீ முழுவதும் மேசையில் கொட்டியது.

பர்வீன் துணியோடு வந்தார். “தெனமும் இதேதான் மேடம். கதவுல இடிச்சிக்கிறாரு. மார்க்கெட்டுக்குப் போனா பக்கத்துல வர்ற ஆள் மேலயே மோதிக்கினு போறாரு. இன்னான்னு கேட்டா, வேற நெனப்புல இருந்தேன்றாரு.”

“பர்வீன், சும்மா இரு.”

“ஏன் சும்மா இருக்கணும்? ஆறு மாசமா சும்மாதானே இருக்கேன்.”

நான் மருத்துவர் இல்லை. ஆனால் அதற்கு மேல் அங்கே வைஃபையைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

“சார், லேப்டாப்ல கோளாறு எதுவும் இல்ல. நீங்க நாளைக்கே கண் டாக்டரப் பாருங்க.”

“எனக்கு எழுத்து எல்லாம் நல்லாத் தெரியுது மேடம். நீங்களே பாத்தீங்க. எட்டு பாயின்ட் பொடி எழுத்து படிக்கறேன்.” குரல் உயர்ந்தது. “நீங்க வைஃபை பாக்க வந்தீங்களா, என் கண்ணப் பாக்க வந்தீங்களா?”

மேனேஜர் சொன்னது அப்போதுதான் நினைவில் தைத்தது. ஓரத்தில் எழுதுகிற குறிப்புகள்.

“சார், இந்த புக்ல ஆத்தர் ஓரத்துல குறிப்பு எழுதியிருக்காரா?”

“இல்ல மேடம். ஒண்ணுகூட இல்ல. இவ்ளோ சுத்தமா எழுதற ஆத்தரான்னு நானே ஆச்சரியப்பட்டேன்.”

எனக்கு அவருடைய திரையின் வலது ஓரம் தெரிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் மட்டும் மூன்று குறிப்புகள் இருந்தன.

“தலையத் திருப்பிப் பாருங்க சார்,” என்றேன்.

பார்த்தார். அடுத்த பக்கத்துக்குப் போனார், தலையைத் திருப்பினார். அதற்கடுத்த பக்கம். பிறகு அன்று மதியம் அவர் முடித்து அனுப்பியிருந்த அத்தியாயத்தைத் திறந்தார். அதிலும் பக்கம் பக்கமாகத் தலையைத் திருப்பித் திருப்பிப் படித்தார். ஒரு குறிப்பில் நின்றார். ஊசி மருந்தின் அளவைப் பற்றியது. ஐந்து என்று இருப்பது தவறு, அரை என்று இருக்க வேண்டும், புள்ளி விட்டுப்போயிருக்கிறது, திருத்தவும் என்று ஆசிரியர் எழுதியிருந்தார்.

“யா அல்லா,” என்றார் மெல்ல. “நடுவுல அஞ்சுன்னு இருந்தது. அஞ்சுன்னே விட்டுட்டேன்.” சற்றுப் பொறுத்து, “இதப் படிச்சிட்டு ஒரு பொண்ணு போய் யாருக்கோ ஊசி போடும் மேடம்,” என்றார்.

அந்த அத்தியாயம் ஏழு மணிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போக இருந்தது. மணி ஆறு ஐம்பது. மேனேஜருக்கு ஃபோன் செய்தார், எடுக்கவில்லை. நானும் செய்தேன், எடுக்கவில்லை. முடிந்த அத்தியாயங்களை வாடிக்கையாளருக்கு அனுப்பும் நம் இணையப் பக்கத்துக்குள் போய் அவரே அதை நிறுத்தி வைக்கலாம், ஆனால் வைஃபை அணைந்திருந்தது. நான் கை நீட்டினேன்.

“இருங்க மேடம். எந்த பட்டன்னு காட்டுங்க. நானே போடறேன்.”

என் கைப்பையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை இருந்தது. ஒன்றை எடுத்து விமான பட்டன்மேல் ஒட்டினேன். அவர் விரலால் தடவிப் பார்த்து அழுத்தினார். வைஃபை வந்தது. அந்த இணையப் பக்கத்தைத் திறந்து நிறுத்தி வைக்கும் இடத்துக்குப் போனார். காரணம் என்ன என்று அது கேட்டது.

அந்த இடத்தில் நான் ஒன்று சொன்னேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன்.

“நெட் பிரச்னைன்னு போடுங்க சார். நான் ஒரு டிக்கெட் போட்டு அத சரிபண்ணிக்கறேன். உங்களுக்கு ஒண்ணும் வராது.”

அவர் என் பக்கம் முழுவதுமாகத் திரும்பிப் பார்த்தார்.

“நெட்ல என்ன பிரச்னை மேடம்? நெட்ல ஒண்ணும் இல்ல, ஆளுதான் பிரச்னைன்னு நீங்களே நாலு தடவ எழுதிட்டீங்களே. டிக்கெட் காப்பி எனக்கும் மெயில்ல வரும்.”

வரும்தான். டிக்கெட்டை மூடியதும் கூப்பிட்டவருக்கு நகல் தானாகப் போய்விடும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம். எழுதும்போது ஒருமுறைகூட அது என் நினைவில் இருந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் அதைப் படித்துவிட்டு, அடுத்த தடவை மறுபடி என்னையே கூப்பிட்டு, “மேடம்” என்று மரியாதையாகப் பேசியிருக்கிறார்.

“நான் பாத்துதான் சொன்னேன்,” என்றார். “எனக்கு அங்க ஒண்ணும் தெரியல. அத எப்படி நான் வேற மாதிரி சொல்றது?”

மன்னிப்புக் கேட்டேன். அவர் திரைப் பக்கம் திரும்பித் தட்டச்சு செய்தார். ‘என் பார்வையில் உள்ள குறையால் ஓரக் குறிப்புகளை விட்டிருக்கிறேன். அத்தியாயம் முழுவதையும் வேறொருவர் பார்க்க வேண்டும்.’ படித்த பர்வீன் பதறினார். “இப்டி எழுதினா வேலைய விட்டு அனுப்பிட மாட்டாங்களா?” அவர் விரல் என்டர் பட்டனுக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அழுத்தினார். ஏழு மணிக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

கதவு வரை வந்து என்னை வழியனுப்பினார். கதவின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை நான் கொடுத்த கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. இரண்டு பட்டன்களும் அடுத்தடுத்து இருப்பதையும், புதிய திரையின் அகலத்தையும், நான்கு நிகழ்வுகளும் மாலையில் நடந்திருப்பதையும் எழுதினேன். டிக்கெட்டுகளில் அவரைப் பற்றி நான் எழுதியவை தவறானவை, அவற்றைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினேன். அவர் கண்ணைப் பற்றி எதுவும் எழுதவில்லை. அதை அவரே எழுதிவிட்டார். எழுதாமல் இருந்திருந்தாலும் அதை எழுத வேண்டியது நான் இல்லை.

மேனேஜர் படித்துவிட்டு, “இது எனக்கு உதவாதே மேடம்,” என்றார்.

“நடந்தது இதுதான் சார்.”

டீம் லீடர் எழுந்து வந்து, பேனாவை எடுத்து, என் கையெழுத்துக்குக் கீழே தானும் கையெழுத்துப் போட்டார். மேனேஜர் கெட்டவர் இல்லை. அன்று காலை அவரும் விட்டுப்போன அந்தப் புள்ளியைப் பற்றிய குறிப்பைப் பார்த்திருந்தார். தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார். எச்.ஆருக்கு அவர் எழுதவிருந்தது போகவில்லை.

க்ளாக்கோமா என்றார்கள் கண் மருத்துவமனையில். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை ஓரத்திலிருந்து மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வரும் நோய். நடுவில் கடைசி வரைக்கும் தெளிவாகத் தெரிவதால் வந்திருப்பதே பலருக்குத் தெரியாதாம். போன பார்வை திரும்பி வராது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்று சொன்னார்கள். இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் அதுவும் கஷ்டம் என்றார்களாம். பர்வீன்தான் ஃபோன் செய்து சொன்னார். யூசுப் சார் பேசவில்லை.

மூன்று வாரம் விடுப்பில் இருந்தார். திரும்பி வந்ததும், ஏற்கெனவே புகார் வந்த மூன்று புத்தகங்களையும் இன்னொருவரோடு உட்கார்ந்து முதலிலிருந்து பார்த்தார். ஒன்று அதற்குள் அச்சாகிவிட்டிருந்தது. அதற்குத் திருத்தத் தாள் அனுப்ப வேண்டியதாயிற்று. அதற்கான பழியை அவர் வாங்கிக்கொண்டார், மறுக்கவில்லை. பிறகு அவருக்கு மட்டும் ஓரக் குறிப்புகளைத் தனிப் பட்டியலாகத் தொகுத்து அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். அந்த ஏற்பாட்டில் இரண்டரை வருடம் வேலை பார்த்தார். அதற்கு மேல் கண் களைத்துப்போகிறது என்று அவராகவே விலகிக்கொண்டார்.

அந்த நான்கு டிக்கெட்டுகளும் இன்னும் இருக்கின்றன. மூடிய டிக்கெட்டைத் திருத்த நம் மென்பொருளில் வழி கிடையாது. ‘காரணம்’ என்ற கட்டத்தில் எழுதும்போது, கூப்பிட்டவர் அதைப் படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள். கூப்பிட்டவர் ஒன்றைச் சொல்கிறார், நமக்கு அது நடக்க முடியாததாகத் தோன்றுகிறது என்றால், அவர் பொய் சொல்கிறார் என்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் என்னிடம் அறிவுரை இல்லை.

விலகுகிற அன்று லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க அவர் ஹெல்ப் டெஸ்க்குக்கு வந்தார். பர்வீன் கூட வந்திருந்தார். லேப்டாப்பை வாங்கிக்கொண்டு ரசீது எழுதினேன். அவர் போகவில்லை.

“அன்னிக்கு மேனேஜருக்கு ஒரு லெட்டர் குடுத்தீங்களாம். பாக்கலாமா மேடம்?”

என் கோப்பில் நகல் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மேசையில் விரித்து வைத்துக்கொண்டு படித்தார். ஒவ்வொரு வரிக்கும் தலையை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கக் கடைசி வரை மெதுவாகத் திருப்பினார். என் கையெழுத்து வரைக்கும், டீம் லீடரின் கையெழுத்து வரைக்கும் படித்தார். என் பின்னால் இரண்டு ஃபோன்கள் அடித்துக்கொண்டிருந்தன. நான் எடுக்கவில்லை.

“மூணாவது வரில ஒரு கமா விட்டுட்டீங்க மேடம்,” என்றார். “பேனா இருக்கா?”

கொடுத்தேன். குனிந்து கமாவைப் போட்டு, தாளை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பர்வீனின் தோளைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்தார்.

அவர் போன பிறகு எடுத்துப் பார்த்தேன். சரியான இடத்தில்தான் போட்டிருந்தார்.